கேஸ் கீசர், இன்ஸ்டன்ட் கீசர்: ஆயுளைக் குறைக்கும் தவறுகளும் உயிருக்கு உலை வைக்கும் தவறுகளும்

பெரிய தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர் தரும் ஹீட்டர்களில் நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கேஸ் கீசர். செம்புக் குழாய்ச் சுருளுக்குக் கீழே ஒரு பர்னர் இருக்கும். தண்ணீர் ஓடினால்தான் அது பற்றும். இன்னொன்று மின்சார இன்ஸ்டன்ட் கீசர். ஒன்றோ மூன்றோ லிட்டர் பிடிக்கும் சின்னக் கலம் அதற்குள் இருந்தாலும், வேலை செய்யும் விதத்தில் அதுவும் இந்தக் கூட்டம்தான்.

தொட்டியில்லாத ஹீட்டர்கள் பெரும்பாலும் 20 வருடத்துக்கு மேல் உழைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அது அந்த ஊரில் வீட்டுக்கே ஒன்றாக மாட்டும் பெரிய கருவிகளுக்கான கணக்கு. போர் தண்ணீரில் ஓடும் நம்மூர் கேஸ் கீசருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கவனிக்காமல் விட்டால் ஐந்தாறு வருடத்திலேயே அது பழைய சாமான் கடைக்குப் போய்விடும். கம்பெனியைத் திட்டிவிட்டு அடுத்ததை வாங்கினால் அதுவும் அதே வழியில்தான் போகும். உள்ளே போகும் தண்ணீரையும் சுற்றியிருக்கும் காற்றையும் கவனிக்காதவரை எந்தக் கீசரும் நீடிக்காது.

முதலில் தண்ணீர். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அதே படிவுதான். செம்புச் சுருளுக்குள்ளோ ஹீட்டிங் எலிமென்டின் மேலோ அது படிந்தால், வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தங்கிவிடும். எலிமென்ட் தன் சூட்டிலேயே வெடிக்கும். செம்புச் சுருளில் அடைப்பு விழுந்து, உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வர ஆரம்பித்தால் படிவு ஏற்கெனவே நன்றாக ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே பலரும் செய்யும் தவறு, டிடிஎஸ் மீட்டரை வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மையை முடிவு செய்வது. அந்த மீட்டர் எல்லா உப்புகளையும் சேர்த்துத் தோராயமாகக் காட்டும்; அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரிக்காது. கீசரைக் கெடுப்பது சுண்ணாம்பும் மெக்னீசியமும்தான். இந்தியக் குடிநீர்த் தரப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. குடிக்கலாம் என்ற அளவில் இருக்கும் தண்ணீரே கீசருக்குப் போதுமான தொல்லை தரும். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சின்ன டெஸ்ட் கிட் வாங்கி, உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே பாருங்கள். மெட்ரோ தண்ணீர், போர், டேங்கர் லாரி என்று மாற்றி மாற்றி வரும் அடுக்குமாடிகளில் ஒரு முறை பார்த்தது போதாது. சாஃப்ட்னர் போட்டவர்கள் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் குறையலையே, ஏமாத்திட்டான்" என்பதையும் கேட்டிருப்பீர்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ் குறையாதுதான். கடினத்தன்மை குறைந்ததா என்று பாருங்கள்.

தண்ணீருக்கு அடுத்தது சூடு. சூடு ஏற ஏறப் படிவும் வேகமாகச் சேரும். குமிழை முழுக்கத் திருப்பிக் கொதிக்கக் கொதிக்கப் பிடித்து, பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் கலந்து விளாவுவது நம் பழக்கம். விறகு அடுப்பும் அண்டாவும் இருந்த காலத்தில் அது சரி. கேஸ் கீசரில் வேண்டிய சூட்டிலேயே, அதாவது 40, 42 டிகிரியில், நேரடியாகப் பிடியுங்கள். சம்மர்-வின்டர் குமிழ் அதற்குத்தான் இருக்கிறது. கேஸும் மிச்சம், சுருளும் தப்பிக்கும்.

படிந்ததை எடுப்பதிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. சர்வீஸுக்கு வருபவர்களில் சிலர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை உள்ளே ஊற்றுகிறார்கள். நுரை பொங்கி வரும், அரை மணியில் வேலை முடியும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பித்தளைப் பாகங்களையும் சாலிடர் இணைப்புகளையும் ஸ்டீல் கலத்தையும் சேர்த்து அரிக்கும். கொஞ்ச நாளில் எங்காவது கசியத் தொடங்கும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டே இதற்குப் போதும். லிட்டருக்கு 50 கிராம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கலாம். கேஸை மூடி, பேட்டரியைக் கழற்றி, உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் பிரித்துவிட்டு, சின்னப் பம்ப் ஒன்றால் இந்தக் கரைசலை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் சுற்ற விட வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரை விட்டுக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் வீடுகளில் இது வருடத்துக்கு ஒரு முறையாவது நடக்கட்டும். மின்சார வகையில் எலிமென்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது மெக்கானிக் வேலை. மெயினை அணைக்காமல் யாரும் கவரைத் திறக்கக் கூடாது.

மின்சார கீசரில் இதைவிட மோசமான ஒன்று உண்டு. படிவு ஏறி எலிமென்ட் அதிகம் சூடானால் தெர்மல் கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டிக்கும். தண்ணீர் சூடாகவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், அவர் அந்தக் கட்-அவுட்டைத் தாண்டி ஒயரை நேராக இணைத்து, "டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனிமே நிக்காது" என்பார். உண்மைதான், நிற்காது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானால் கலம் வெடிக்கும் அளவுக்குக் கொதித்தாலும் நிற்காது. கட்-அவுட் ஏன் விழுந்தது என்று கேளுங்கள். "டைரக்ட்" என்ற சொல் காதில் விழுந்தால் அந்த வேலையை நிறுத்துங்கள். மேல்தொட்டி காலியாகித் திரும்ப நிரம்பிய நாளில், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். எலிமென்ட் வெறுமனே காய்ந்தால் சில நொடிகளில் போய்விடும். பாத்ரூமுக்கு எர்த்தும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இருந்தே ஆக வேண்டும்.

தண்ணீர் போதுமான சூட்டில் வரவில்லை என்றால் எல்லா நேரமும் பழுது என்று நினைக்க வேண்டாம். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர், 25 டிகிரியில் வரும் சென்னைத் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தொடர்ந்து தர முடியும். ஊட்டி மார்கழியில் 12 டிகிரித் தண்ணீர் என்றால் ஒன்றரை லிட்டர்தான். ஷவருக்கு அது பற்றாது. கேஸ் கீசர் பற்றவே இல்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், அப்புறம் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் வலையைப் பாருங்கள். அப்படியும் பற்றாவிட்டால் தண்ணீரின் அழுத்தக் குறைவாக இருக்கலாம். மேல்தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீடுகளில் இது சகஜம்.

இனி காற்று. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கேஸ் கீசர் சுமார் 12 கிலோவாட் சக்தியில் எரிகிறது. ஆறடிக்கு நாலடி, எட்டடி உயரம் உள்ள பாத்ரூமில் இருக்கும் மொத்தக் காற்றே ஏறக்குறைய 5,400 லிட்டர். கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு பத்து நிமிடம் குளித்தால், அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை பர்னர் எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, கதவைத் திறக்கக் கை நீளும் முன்பே மயக்கம் போட்டுவிடும். இதனால் வரும் வலிப்பையும் மயக்கத்தையும் இந்திய நரம்பியல் மருத்துவர்கள் கேஸ் கீசர் சின்ட்ரோம் என்றே பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள்.

"இருபது நிமிஷத்துல தானா அணைஞ்சிடும், பயமில்லை" என்று கடையில் சொல்வார்கள். பல மாடல்களில் அந்த வசதி உண்டு. மேலே போட்ட கணக்கில் பத்து நிமிடத்துக்கே என்ன ஆகிறது என்று பார்த்தோமே. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்பதும் போதாது. காற்று வெளியே போனால் புதுக்காற்று உள்ளே வர வழி வேண்டும். கேஸ் கசிவைக் காட்டும் அலாரமும் இதற்கு உதவாது. அது எல்பிஜியை மட்டும் உணரும். கார்பன் மோனாக்சைடுக்குத் தனி அலாரம் இருக்கிறது. கீசரைப் பால்கனியிலோ காற்றோட்டமான சர்வீஸ் ஏரியாவிலோ மாட்டி, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். ப்ளம்பர் கூலியும் குழாய்ச் செலவும் கூடத்தான் ஆகும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குளிக்கும்போது யாருக்காவது கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே கொண்டுவந்து, கேஸை மூடி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, 98 காட்டுகிறது என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அந்தக் கருவி நல்ல இரத்தம் என்றே காட்டும். மருத்துவரிடம் கேஸ் கீசர் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெளியே மாட்டியாகிவிட்டது என்று பராமரிப்பை விட்டுவிடவும் கூடாது. பர்னரில் தூசும் சிலந்திக் கூடும் அடைத்தால் காற்று சரியாகக் கலக்காமல் தீ மஞ்சளாகும். கரி பிடித்து, சுருளின் மேல் இருக்கும் தகடுகளின் இடைவெளி அடையும். புகை மேலே போக வழியில்லாமல் எரிதல் இன்னும் கெடும். சுருள் ஓட்டையாவதும் விஷவாயு கூடுவதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக மாதம் ஒரு முறை தீயைப் பாருங்கள். நீலமாக, சத்தமில்லாமல் எரிய வேண்டும். மஞ்சள் தெரிந்தால் அன்றே கேஸை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சர்வீஸ் என்றால் வெளிமூடியைத் துடைப்பது இல்லை. பர்னரைக் கழற்றி பிரஷ் போட வேண்டும், தகடுகளின் இடுக்கைச் சுத்தம் செய்ய வேண்டும், இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். கேஸ் வரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். அடுப்புக்குப் போகும் ட்யூபில் 'டி' இணைப்புப் போட்டுக் கீசருக்கு இழுக்காதீர்கள்.

எப்போது மாற்றுவது? வால்வு, டயாஃப்ரம், இக்னீஷன், எலிமென்ட் ஆகியவை போனால் அதை மட்டும் மாற்றலாம். செம்புச் சுருளில் ஓட்டை விழுந்தால் சாலிடர் வைத்து அடைத்து ஓட்டுவது வீண். ஒரு இடம் மெலிந்திருந்தால் பக்கத்து இடமும் மெலிந்திருக்கும். புதுச் சுருளின் விலை புதுக் கீசரின் பாதியைத் தாண்டினால் கீசரையே மாற்றிவிடலாம்.

வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் பாத்ரூமுக்குள் தலையை விட்டுப் பாருங்கள். சுவரில் கேஸ் கீசர் தொங்கினால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அதை வெளியே மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால் கேஸ் இணைப்பைக் கழற்றிவிட்டு மின்சார கீசர் மாட்டிக்கொள்ள ஓனரிடம் அனுமதி கேளுங்கள். அதுவும் நடக்கும்வரை அடுப்பில் தண்ணீர் காய வைத்துக் குளிக்கலாம்.