டெக்னீசியம் லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

லேபுக்குள் வந்ததும் முதலில் மணியைப் பாருங்கள். ஸ்கேனுக்கு ஊசியில் போடும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் காசிமேட்டு மீன் மாதிரி, காத்திருக்காது. 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். போன மாதம் எலும்பு ஸ்கேனுக்கு எண்ணூரிலிருந்து வர வேண்டிய அம்மா கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டார், நான் அவசரப்பட்டு 9 மணிக்கே சிரிஞ்சில் ஏற்றிவைத்த 20 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அளவு) 12 மணிக்கு 14 ஆகிவிட்டது. ஆள் வந்து உட்கார்ந்த பிறகு எடுங்கள்.

காலையில் டெக்னீசியம் தரும் ஜெனரேட்டரைக் கறக்க வேண்டும் (இதற்கு ‘மாடு’ என்றே செல்லப்பெயர்). உள்ளே அலுமினாவில் ஒட்டியிருக்கும் மாலிப்டினம்-99 சிதைந்து டெக்னீசியம் பிறக்கும். ஒரு பக்கம் சலைன் வயல் (சின்ன மருந்துக் குப்பி), மறுபக்கம் ஈயக் கூட்டுக்குள் காற்று நீக்கிய வயல், அது தானாகவே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால்வாசிதான். அப்புறம் டோஸ் காலிப்ரேட்டரில் அளந்து, மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரியைத் தாண்டினால் யாருக்கும் போடக்கூடாது, எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும் சரி.

எம்டிபி கிட்டில் (டெக்னீசியத்தை எலும்புக்குக் கொண்டுபோகும் மருந்து) கலக்கும்போதுதான் புதியவர்கள் சொதப்புவார்கள். வயலுக்குள் காற்றை ஏற்றிவிடாதீர்கள். அதிலுள்ள டின் உப்பு காற்று பட்டால் கெட்டுப்போகும், டெக்னீசியம் மருந்தோடு சேராமல் தனியாகத் திரியும். ஸ்கேனில் தைராய்டும் வயிறும் பளிச்சென்று தெரிந்தால் நோயாளியைக் கேள்வி கேட்காமல், காலையில் கலந்தவரைக் கூப்பிடுங்கள்.

சிரிஞ்சுக்கு ஷீல்டு கட்டாயம். ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். நம் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் மார்பில் இருக்கட்டும், டிராயரில் வேண்டாம். பெட் ஸ்கேனுக்கான ஃப்ளோரின்-18 வேறு ரகம்: 110 நிமிடத்தில் பாதியாகும், ஆனால் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவை ஈய ஏப்ரன் பெரிதாகத் தடுக்காது, அதனால் அங்கே வேகமும் தூரமும்தான் துணை.

மருந்து சிந்தினால் ஓடாதீர்கள். உறிஞ்சுதாளைப் போட்டு மூடி, பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லி, வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடையுங்கள். துடைத்த தாளும் கையுறையும் ஈயப் பெட்டியில் 10 அரை ஆயுள், அதாவது 60 மணி நேரம் கிடக்கட்டும். மீட்டர் சும்மா இருந்தால் மட்டும் வெளியே போகலாம். ஒருமுறை கையுறையோடு போனை எடுத்துவிட்டு, நான் இரண்டு நாள் போன் இல்லாமல் திரிந்தேன், அது அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. கையைக் கதிர்வீச்சு மானிட்டரில் காட்டிவிட்டு, அப்புறம் டீக்குப் போங்கள்.