‘சிபா’ சட்டம்: பணம் கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மலேசியக் கட்டுமானத் துறையில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பணத்துக்காக அலையும் துணைக் குத்தகையாளர் போன்றவர்களுக்காக வந்தது ‘சிபா’ (CIPAA) எனப்படும் 2012ஆம் ஆண்டின் கட்டுமானத் துறைப் பணம் செலுத்துதல், தீர்ப்புச் சட்டம். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வருடக்கணக்கில் வழக்கு நடத்தாமல், அட்ஜுடிகேட்டரிடம் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவரிடம்) போய் சில மாதங்களில் முடிவு வாங்கலாம். இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் பலர் பணத்தை விட்டுவிடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

“எனக்கு மேலிருந்து பணம் வந்தால்தான் உனக்கு” என்று வேலை கொடுத்தவர் சொல்வதை நம்பிக் காத்திருப்பதுதான் பெரிய தவறு. ஒப்பந்தத்தில் அப்படி எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தாலும், 35ஆம் பிரிவின்படி அந்த நிபந்தனை செல்லாது.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் நினைவூட்டிக்கொண்டே இருப்பது. அது சட்டப்படியான கோரிக்கை ஆகாது. எவ்வளவு தொகை, எப்போது தர வேண்டியது, எந்த வேலைக்கு, ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி என்று எழுதி, ‘இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன்’ என்ற வரியையும் சேர்த்துக் கொடுங்கள். எதிர்த்தரப்பு 10 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முழுத்தொகையையும் மறுத்ததாகவே பொருள். அதனால் பதிலுக்காக மேலும் காத்திருக்க வேண்டாம், அட்ஜுடிகேஷன் நோட்டீஸ் கொடுத்துவிடலாம்.

வேலை நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். கட்டுமானம் நடக்கும் மாநிலத்தின் விடுமுறைகளைத்தான் கழிக்க வேண்டும், உங்கள் அலுவலகம் இருக்கும் மாநிலத்தினுடையதை அல்ல. தைப்பூசம் சிலாங்கூரில் விடுமுறை, கிளந்தானில் இல்லை.

வாய்ப்பேச்சில் எடுத்த வேலைக்கு இந்தச் சட்டம் உதவாது, எழுத்து வேண்டும். தனிநபர் தாம் குடியிருக்கக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கும் பொருந்தாது.

அப்புறம், கோபத்தில் உடனே வேலையை நிறுத்துவது. இதில் மாட்டிக்கொண்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். இந்தச் சட்டம் தரும் உரிமை, அட்ஜுடிகேட்டரின் முடிவுக்குப் பிறகும் பணம் வராதபோதுதான். எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆன பிறகு நிறுத்தினால் உங்கள் மேல் பழி வராது. கால நீட்டிப்பும் செலவும்கூடக் கேட்கலாம்.

அப்போதும் தரவில்லையா? உங்களுக்குப் பணம் தர வேண்டியவருக்கு வேலை கொடுத்த மேல்தரப்பிடமே நேரடியாகக் கேட்க 30ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அந்த மேல்தரப்பிடமிருந்து உங்களுக்குப் பணம் தர வேண்டியவருக்கு வரவேண்டிய பாக்கி இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.