கடைக்கு ஸ்பீக்கர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜவுளிக்கடையோ, சூப்பர் மார்க்கெட்டோ, உணவகமோ, உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ் ஆம்ப்ளிபையர் வாங்கணும்?" என்பதுதான். முதல் தவறே அதுதான். ஆம்ப்ளிபையர் கடைசியில் முடிவாக வேண்டிய பொருள். அதற்கு முன் ஸ்பீக்கர் எண்ணிக்கை தெரிய வேண்டும், அதற்கும் முன் சீலிங் உயரத்தை அளக்க வேண்டும்.

60 அடி நீளம், 40 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஃபால்ஸ் சீலிங் உள்ள ஒரு ஜவுளிக்கடைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக நான்கு மூலையிலும் நான்கு பெட்டி ஸ்பீக்கர் மாட்டிவிடுவார்கள். நடுக்கடையில் அறிவிப்பு புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டினால், மூலையில் நிற்கும் விற்பனையாளர் நாள் முழுக்கக் கத்தித்தான் பேச வேண்டும். கடை முழுக்க ஒரே அளவில் கேட்க வேண்டுமென்றால் சின்ன ஸ்பீக்கர்கள் நிறைய வேண்டும், ஒவ்வொன்றும் மெதுவாக ஒலிக்க வேண்டும்.

எத்தனை என்பதற்குக் கணக்கு உண்டு. 90 டிகிரி கோணத்தில் ஒலி பரப்பும் சீலிங் ஸ்பீக்கர் என்றால், சீலிங் உயரத்திலிருந்து காது உயரத்தைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். நிற்பவர் காது ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கும். மீதி 5 அடி. ஆக ஒரு ஸ்பீக்கர் 10 அடி விட்டமுள்ள வட்டத்தைக் கவனித்துக்கொள்ளும். 10 அடிக்கு ஒன்று வீதம் நீளத்தில் 6, அகலத்தில் 4, மொத்தம் 24. உணவகத்தில் உட்கார்ந்திருப்பவர் காது 4 அடியில் இருப்பதால் இடைவெளி 12 அடிவரை போகலாம். உயரமான ரேக்குகள் உள்ள சூப்பர் மார்க்கெட்டில் இந்தக் கட்டத்தை அப்படியே வரையக் கூடாது. ரேக் ஒலியை மறைக்கும் என்பதால் நடைபாதைக்கு நேர் மேலே வரிசை போக வேண்டும்.

24 ஸ்பீக்கர்களை சாதாரண 8 ஓம் முறையில் பேரலலாக இணைத்தால் மொத்தத் தடை 0.33 ஓம்தான் வரும், எந்த ஆம்ப்ளிபையரும் தாங்காது. சீரிஸும் பேரலலும் கலந்து சமாளித்தால், ஒரு ஸ்பீக்கர் போனதும் ஒரு வரிசையே ஊமையாகிவிடும். அதனால்தான் 100 வோல்ட் லைன் முறை. ஆம்ப்ளிபையர் 100 வோல்ட் வரை உயர்த்தி அனுப்பும், அதைக் குறைத்துக்கொள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். எல்லாமே ஒரே ஜோடி ஒயரில் பேரலலாகத் தொங்கும்.

பணம் அதிகம் வீணாவது அந்த டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பிங்கில், அதாவது ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் இழுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பில். 1.5, 3, 6 வாட்ஸ் என்று இருக்கும். யோசிக்காமல் எல்லாவற்றையும் 6-இல் இணைத்துவிடுவார்கள். 1 வாட்டில் 1 மீட்டரில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 3 வாட்ஸில் 5 அடி தூரத்தில் 91 டெசிபல் அளவுக்குத் தரும். கூட்டம் நிறைந்த கடையின் இரைச்சலை 70 டெசிபல் என்று வைத்தாலும், அறிவிப்பு தெளிவாகக் கேட்க அதைவிட 10 முதல் 15 டெசிபல் கூடுதலாக இருந்தால் போதும். எனவே 3 வாட்ஸே தாராளம். 24-ஐ 3-ஆல் பெருக்கினால் 72, கால் பங்கு கூடுதலாகச் சேர்த்தால் 90. ஆக 120 வாட்ஸ் ஆம்ப்ளிபையர் போதும். எல்லாம் 6 வாட்ஸ் என்றால் இதே கணக்கு 180-ஐத் தொட்டு, 250 வாட்ஸ் வாங்க வைக்கும். கிடைக்கும் லாபமோ வெறும் 3 டெசிபல், காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும்.

ஒயர்களாக வெளியே வரும் டிரான்ஸ்ஃபார்மரில் பொது ஒயர் ஒன்றும், வாட்ஸ் குறித்த மற்றவையும் இருக்கும். பயன்படாத ஒயர்களின் செம்பு முனைகளைத் தனித்தனியே இன்சுலேஷன் டேப் சுற்றி மூடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கிவிட்டால் வைண்டிங் (டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுருள்) ஷார்ட் ஆகி மொத்த லைனையும் முடக்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைத் தெரியாமல் இதே லைனில் மாட்டுவது இன்னும் மோசம். கணக்குப்படி அது ஒன்றே 1,250 வாட்ஸ் கேட்கும். ஸ்பீக்கர் கருகும் அல்லது ஆம்ப்ளிபையர் நிற்கும்.

ஒயருக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். 72 வாட்ஸுக்கு 0.72 ஆம்பியர்தான் ஓடுகிறது. 75 மீட்டர் லைனில் இழப்பு சுமார் 2 சதவீதம். அதே தூரத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை ஓட்டினால் கால் பங்கு வோல்டேஜ் ஒயரிலேயே போய்விடும். ஆனால் இந்த லைனை மைக் கேபிளோடு ஒரே பைப்பில் இழுக்காதீர்கள், மைக்கில் யாரும் பேசாமலே அலறத் தொடங்கும். 230 வோல்ட் ஒயரோடு மைக் கேபிள் ஒட்டிப் போனால் ஓயாத ஹம் சத்தம் வரும். ஓர் அடியாவது விலகட்டும், கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். 100 வோல்ட்டும் ஷாக் அடிக்கும், ஆம்ப்ளிபையரை அணைத்துவிட்டுத்தான் இணைப்பில் கை வைக்க வேண்டும்.

தளம், ட்ரயல் ரூம், ஸ்டோர் ரூம் ஒவ்வொன்றுக்கும் தனி லைன் ஆம்ப்ளிபையர் வரை வரட்டும். பிறகு பிரிக்க நினைத்தால் சீலிங்கைக் கழற்ற வேண்டும். பாட்டு ஸ்டீரியோவில் வந்தால் இரு பக்கத்தையும் மோனோவாகச் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்தால் சில பாடல்களில் வாத்தியங்கள் காணாமல் போகும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள். அந்த பேஸ் சின்ன டிரான்ஸ்ஃபார்மரைத் திணறடித்து ஆம்ப்ளிபையரைச் சூடேற்றும்.

கடையில் பதிவுப் பாடல் ஒலிக்கச் செய்வது பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் கீழ் வருகிறது. பாடல் வரிக்கும் இசைக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பு, ஒலிப்பதிவுக்குப் பெரும்பாலும் பிபிஎல் நிறுவனம் என உரிமம் தனித்தனி. கைப்பேசியில் சொந்த உபயோகத்துக்கு எடுத்த சந்தா கடைக்குச் செல்லாது. வாசலில் தெருவைப் பார்த்து ஸ்பீக்கர் வைப்பதைத் தவிருங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி வணிகப் பகுதிக்கு வரம்பு பகலில் 65, இரவில் 55 டெசிபல்.

ஃபால்ஸ் சீலிங்கை மூடும் முன் ஆம்ப்ளிபையரைக் கழற்றிவிட்டு, லைனை இம்பீடன்ஸ் மீட்டரால் (ஏசி மின்சாரத்துக்கான தடையை ஓமில் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது, அது வைண்டிங்கின் டிசி ரெசிஸ்டன்ஸை மட்டுமே காட்டும். 72 வாட்ஸ் லைன் ஏறத்தாழ 139 ஓம் காட்ட வேண்டும். 70 காட்டினால் டேப்பிங் எல்லாம் 6-இல் கிடக்கிறது. 10-க்கும் கீழே இறங்கினால் எங்கோ ஷார்ட், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஸ்பீக்கர் உள்ளே இருக்கிறது. லைனைப் பாதிப் பாதியாகப் பிரித்து அளந்தால் எந்த ஸ்பீக்கர் என்பது சீக்கிரம் பிடிபடும். சரியான அளவையும் தேதியையும் எழுதி ஆம்ப்ளிபையர் ரேக்கின் கதவில் ஒட்டிவையுங்கள். பின்னாளில் பழுது பார்க்க வருபவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.