வேலூர் வெயிலில் டோட்டல் ஸ்டேஷன் (ஒளியால் தூரம் அளக்கும் நில அளவைக் கருவி) தூரம் குறைவாகக் காட்டுகிறதா?

சித்திரை வெயிலில் 40 டிகிரி, காற்றழுத்தம் சுமார் 985 ஹெக்டோபாஸ்கல் என்றால் அளந்த தூரத்துக்குக் கூட்ட வேண்டிய திருத்தம் ஏறத்தாழ 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு). கருவி 15 டிகிரி, 1013 என்ற அமைப்பிலேயே இருந்தால் கிலோமீட்டருக்கு 3 செ.மீ. குறையும். ஒரு டிகிரி பிசகு ஒரு பிபிஎம். அதனால் வெப்பமானியைக் குடை நிழலில், கருவி உயரத்தில் பிடியுங்கள்; நீண்ட கோட்டுக்கு இரு முனையிலும் வெப்பநிலை எடுத்துச் சராசரி போடுங்கள்.

செல்போன் வானிலை செயலியின் அழுத்தத்தை நம்பவே வேண்டாம், அது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். வேலூர் 200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அதிலேயே 6, 7 பிபிஎம் போய்விடும். பாரோமீட்டர் வையுங்கள்.

சூட்டில் காற்று நடுங்கி அளவு துள்ளும் கானல் அலை வேறு சங்கதி. பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அந்தத் துள்ளல் அடங்கும், பிபிஎம் பிழை அடங்காது. சூடேறிய பாறையை ஒட்டிப் பார்வைக்கோடு போகக்கூடாது. ஒரு மீட்டராவது மேலே தூக்குங்கள்.