திரவக் கலவையிலும் உலோகப் பளிங்கிலும் கழியொலியை அளத்தல்: மலையக மாணவர்களுக்கான செய்முறை

கழியொலி என்பது மனிதக் காதுக்குக் கேட்காத அளவு உயர்ந்த மீடிறன் (செக்கனுக்கான அதிர்வுகளின் எண்ணிக்கை) கொண்ட ஒலி. அதன் பரிசோதனையில் முதலில் கட்டுப்படுத்த வேண்டியது வெப்பநிலை. நீரில் ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் செக்கனுக்கு ஏறத்தாழ 1482 மீற்றர். 25 பாகையில் அது 1497 ஆகிறது. அட்டவணைகள் பலவும் 25 பாகைக்கே தரப்பட்டிருப்பதால், நுவரெலியாவிலோ அட்டனிலோ காலைக் குளிரில் அளந்ததை அவற்றோடு நேரே ஒப்பிடும் மாணவர், சரியான அளவையே பிழையென எண்ணக்கூடும். மலையின் உயரத்தால் வளியமுக்கம் குறைவதோ திரவத்தில் வேகத்தைப் பொருட்படுத்தத்தக்க அளவு மாற்றுவதில்லை.

படி 1: நீரையும் எதனோலையும் கனவளவால் அன்றி, தராசில் நிறுத்துக் கலக்கவும், இரண்டும் கலக்கும்போது மொத்தக் கனவளவு சுருங்கிவிடும். நீரை முன்கூட்டியே கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டால் கரைந்துள்ள வளி வெளியேறும். குமிழிகள் ஒலியைப் பெரிதும் தணிப்பவை. எதனோல் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் சுடர் இருக்கக் கூடாது.

படி 2: 2 மெகாஹேட்சில் அதிர்ந்து ஒலி எழுப்பும் குவாட்ஸ் பளிங்கு பொருத்திய தலையீட்டுமானியின் (செல்லும் அலையும் தெறித்து மீளும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கொண்டு அலைநீளத்தை அளக்கும் கருவி) கலத்தில் கலவையை ஊற்றி, கலத்தின் இரட்டைச் சுவருக்கிடையே மாறா வெப்பநிலையிலுள்ள நீரை ஓடவிடவும். திருகைச் சுழற்றித் தெறிதட்டை மெதுவாக உயர்த்தும்போது பளிங்கை இயக்கும் சுற்றின் மின்னோட்டம் உச்சங்களைக் காட்டும். அடுத்தடுத்த உச்சங்களுக்கு இடைப்பட்ட தூரம் அரை அலைநீளமாகும். 20 பாகை நீரில் அது சுமார் 0.37 மில்லிமீற்றர். இவ்வளவு சிறிய இடைவெளி ஒன்றை மட்டும் அளந்தால் 0.01 மில்லிமீற்றர் வாசிப்புப் பிழையே ஏறத்தாழ 3 சதவீதமாகிவிடும். ஆகையால் 20 இடைவெளிகளைச் சேர்த்து அளந்து வகுக்கவும்.

படி 3: அலைநீளத்தை மீடிறனால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். தூய எதனோலில் வேகம் 1160 அளவிலேயே இருப்பதால், நீரில் அதைச் சேர்த்தால் வேகம் குறையுமென்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் சிறிதளவு சேர்க்கும்போது வேகம் முதலில் ஏறி, ஓர் உச்சத்தை அடைந்த பின்னரே இறங்குகிறது. எதனோல் மூலக்கூறுகள் நீரின் ஐதரசன் பிணைப்புக் கட்டமைப்புக்குள் இறுக்கமாக அமர்வதால், அடர்த்தி குறைந்தாலும் கலவை அமுக்கத்துக்குத் தூய நீரைவிடக் கூடுதலாக எதிர்ப்புக் காட்டுகிறது. இந்தப் பரிசோதனையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுவே. அதனால் உச்சத்தை அண்டிய செறிவுகளில் நெருக்கமாக அளவெடுக்கவும்.

படி 4: தணிவை, அதாவது ஒலி செல்லச் செல்ல வலுவிழப்பதை, இக்கலத்தில் கணிக்க முயல வேண்டாம். நீரில் தணிவு மீடிறனின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. 2 மெகாஹேட்சில் அது மீற்றருக்கு 0.1 நேப்பர் (இயற்கை மடக்கையில் அமைந்த தணிவின் அலகு) மட்டுமே. எனவே இங்கு உச்சங்கள் சிறுத்துச் செல்வதற்குக் கற்றை விரிவதும் தட்டு சரிந்திருப்பதுமே முக்கிய காரணங்கள். 20 மெகாஹேட்சில் தணிவு நூறு மடங்காவதால், அங்கே துடிப்பு முறையில், அதாவது குறுகிய ஒலித் துடிப்பை அனுப்பி அதன் எதிரொலிகளைப் பதியும் முறையில், அளக்கலாம்.

படி 5: உலோகத்துக்கும் துடிப்பு முறையே ஏற்றது. சமாந்தர முகங்கள் கொண்ட துண்டில் கிளிசரின் பூசி உணரியைப் பொருத்தி, அடுத்தடுத்த இரு எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தால் தடிப்பின் இருமடங்கை வகுத்தால் வேகம் கிடைக்கும். அடுத்தடுத்த எதிரொலிகளின் உயர விகிதத்தின் இயற்கை மடக்கையைத் தடிப்பின் இருமடங்கால் வகுத்தால் தணிவு கிடைக்கும். செம்பின் தனிப்பளிங்கில் (முழுத் துண்டும் ஒரே பளிங்காக உள்ளது) அணுக்கள் அடுக்கப்பட்ட கனசதுரத்தின் விளிம்பின் வழியே நெட்டலையின் வேகம் ஏறத்தாழ 4330, கனசதுரத்தின் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டத்தின் வழியே 5150 என்பதால், திசையைக் குறிக்காத வாசிப்பு பயனற்றது. வார்ப்புச் செம்பிலோ மணிகள் (அதை ஆக்கும் சிறு பளிங்குகள்) அலைநீளத்தைவிடச் சிறியனவாக இருக்கும்வரை சிதறல் மீடிறனின் நான்காம் அடுக்கில் உயரும். ஆகவே அத்தகைய துண்டுக்குக் குறைந்த மீடிறனில் தொடங்கவும்.