காபரேட்டர் ஸ்குரூ இறுகிப்போனால்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடும் பைக்குகளின் காபரேட்டரைக் கழற்றும்போது பெற்றோல் தேங்கும் அடிக்கிண்ணத்து ஸ்குரூக்கள் அசையவே மாட்டா. திருகோணமலை உப்புக் காற்றின் வேலைதான். இரும்பு ஸ்குரூவைச் சுற்றியுள்ள அலுமினியக் கலவை அரித்து வெள்ளைப் பொடியாகிப் புரியை இறுக்கிவிடும்.

முதலில் கையிலுள்ள டிரைவரைப் பாருங்கள். ஜப்பான் பைக்குகளில் வருவது ஜேஐஎஸ் (ஜப்பான் தொழில்துறைத் தரம்) கூட்டல்குறித் தலை; பலவற்றில் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருப்பினால் மேலேறி வழுக்கி, தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கி வைப்பது கட்டாயம் என்பேன்.

பெற்றோலை வடித்துவிட்டு டபிள்யூடி-40 போன்ற எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் காபரேட்டரை மரப்பலகைமேல் வைத்து, டிரைவரை நேராக நிறுத்திப் பிடியில் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அப்புறம் நன்றாக அழுத்திக்கொண்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். ‘டிக்’ என்று சத்தம் வந்தால் சரி, பிடி விட்டுவிட்டது.

இன்னும் அசையவில்லையா? பெற்றோல் துளியும் இல்லை என்று உறுதிசெய்து, ஸ்குரூவைச் சுற்றிச் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். நெருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். தலை வழிந்துவிட்டால் வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்துத் திருப்பலாம்.

உள்ளே இருக்கும் ஜெட் (பெற்றோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகு) பித்தளை, மென்மையானது. அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை டிரைவர்தான் போட வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே அளவு ஆலன் ஸ்குரூ (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போட்டு, புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.