காம்போ, காம்பி, செட்: சிங்கப்பூரில் எங்கே எதைச் சொல்வது?

காம்பினேஷன் என்ற நீளமான ஆங்கிலச் சொல்லின் வாலை நறுக்கி, ‘ஓ’ போட்டு முடித்தால் காம்போ. இரண்டு மூன்று விஷயங்கள் சேர்ந்து ஒன்றாக வந்தால் அதுதான் காம்போ. அமெரிக்காவில் 1920களில் ஜாஸ் இசைக்காரர்கள் தங்கள் சின்னக் குழுக்களை இப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு சாப்பாட்டுக்கும் மற்றதற்கும் பரவியது. அர்த்தம் அவ்வளவுதான். ஆனால் சிங்கப்பூரில் இடத்துக்கு இடம் இந்தச் சொல் வேஷம் மாற்றும். ஊருக்குப் புதியவர்களுக்கு உதறல் எடுப்பது அங்கேதான்.

படி 1: வாயில் வரவழையுங்கள்

அழுத்தம் முதல் அசையில்: காம்-போ. பன்மை காம்போஸ். எழுதும்போது கடைசியில் ‘எஸ்’ மட்டும் போதும். பொட்டேட்டோவின் பன்மைக்கு வரும் ‘ஈ’ இதற்கு வராது.

படி 2: வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

நம் ஆட்கள் விடுவது முன்னால் வரும் ‘எ’யை. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் நாக்கு தானாகத் தாண்டிவிடும். “திஸ் இஸ் எ குட் காம்போ” என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள். எதோடு எது சேர்ந்தது என்று சொல்ல ‘ஆஃப்’பும் ‘அண்ட்’டும் வேண்டும்: “எ காம்போ ஆஃப் ரைஸ் அண்ட் சிக்கன்”. இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும்: காம்போ மீல், காம்போ ஆஃபர். வினைச்சொல்லாக இப்போதைக்கு வேண்டாம்.

படி 3: சாப்பாட்டுக் கடையில்

சினிமா கொட்டகையில் பாப்கார்னும் பானமும் சேர்த்து வாங்கக் காம்போ என்று தாராளமாகக் கேட்கலாம். பர்கர் கடையிலும் புரியும். ஆனால் பலகையில் பெரும்பாலும் மீல் என்றுதான் இருக்கும்.

கோப்பிக் கடைக்கு வந்தால் கதை வேறு. அங்கே ‘செட்’. கயா டோஸ்ட் செட் என்றால் கயா (தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்த ஜாம்) தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை இரண்டு, கூடவே கோப்பியோ டீயோ. காம்போ என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் செட் என்றால் வேலை சீக்கிரம் முடியும்.

செட் சொன்னதும் “என்ன தண்ணி?”, அதாவது என்ன பானம், என்ற மாதிரி ஒரு கேள்வி வரும். உண்மையான சேர்க்கை விளையாட்டு இங்கேதான் ஆரம்பம். வெறும் கோப்பி என்றால் இனிப்பான டின்பாலோடு வரும். கோப்பி-ஓ என்றால் பால் கிடையாது, சீனி உண்டு. கோப்பி-சி என்றால் இனிப்பில்லாத டின்பாலும் சீனியும். இதன்மேல் ஒட்டுகளைச் சேர்க்க வேண்டும்: டிகாஷன் திக்காக வேண்டுமா, ‘காவ்’, லைட்டாக வேண்டுமா, ‘போ’. சீனி குறைய ‘சியூ டாய்’, சீனியே வேண்டாம் என்றால் ‘கோசோங்’, ஐஸ் போட ‘பெங்’. எல்லாம் சேர்த்து, “அங்கிள், ஒரு கயா டோஸ்ட் செட், கோப்பி-சி சியூ டாய் பெங்.” வரிசை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கலக்குபவருக்குப் புரிந்துவிடும்.

கோசோங் மலாய்ச் சொல், வெறுமை என்று அர்த்தம். தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) பரோட்டாக் கடைக்குப் போனாலும் இதே சொல் கைகொடுக்கும்: “ஒரு கோசோங், ஒரு முட்டை.” அதுவும் காம்போதான், ஆனால் அந்தச் சொல்லை அங்கே யாரும் தேடுவதில்லை.

படி 4: பள்ளிக்கூடப் பேச்சில்

வீட்டில் உயர்நிலை 2 படிக்கும் பிள்ளை இருந்தால் அடுத்து காதில் விழப்போவது ‘சப்ஜெக்ட் காம்பி’. ஆமாம், இங்கே ‘ஓ’ போய் ‘இ’ வந்துவிட்டது. மேல்வகுப்பில் எந்தெந்தப் பாடங்களைச் சேர்த்து எடுப்பது என்பதுதான் விஷயம். தொடக்கக் கல்லூரியில் (ஜூனியர் காலேஜ்) ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளாலேயே பேசுவார்கள்: பிசிஎம்இ என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம், பொருளியல். இதில் ‘பி’ ஃபிசிக்ஸ், அதாவது இயற்பியல். அந்த இடத்தில் பயாலஜியின் (உயிரியல்) ‘பி’ வந்தால், காதுக்கு இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் பெற்றோர் குழம்புவது சகஜம். அதனால், “வாட்ஸ் யுவர் காம்பி?” என்று கேட்டுவிட்டு, எந்த அறிவியல் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

படி 5: விளையாட்டில்

பையன் திரையைப் பார்த்து “நைஸ் காம்போ!” என்று கத்தினால் அது சாப்பாடு இல்லை. எதிராளிக்குத் தப்ப வழி கொடுக்காமல் அடுத்தடுத்து விழும் அடி. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்தில் இது திட்டமிட்டு வைத்ததல்ல. உருவாக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டதை அப்படியே விட்டுவைத்தார்கள், உலகமே பிடித்துக்கொண்டது. பாடக் காம்பியில் எது முன்னால் என்பது பொருட்டில்லை. இங்கே வரிசைதான் எல்லாம். ஒரு அடி மாறினால் காம்போ அறுந்துபோகும்.

படி 6: எழுதும்போது

வாட்ஸ்அப்பில் காம்போ, காம்பி எதுவும் சரி. ஆசிரியருக்கு மின்னஞ்சல், வேலை விண்ணப்பம், அலுவலக அறிக்கை என்றால் முழுச் சொல்லைப் போடுங்கள். “ஐ வுட் லைக் டு டிஸ்கஸ் மை சன்ஸ் சப்ஜெக்ட் காம்பினேஷன்” என்று எழுதி அனுப்பினால் போதும். நேரில் சந்திக்கும்போது அந்த ஆசிரியரே காம்பி என்று ஆரம்பித்தால், நீங்களும் அப்படியே பேசலாம்.